சூடு என்று சொன்னேன், அது என் தப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எப்போது சுருக்கமாகப் பேசியிருக்கிறார் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இன்றைக்கு மட்டும் கடைசி வரை படியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் பாடம் பின்னால் வருகிறது, நழுவிவிட வேண்டாம்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "டீச்சர், பத்து நாளா அடிவயிறு வலிக்குது. வெள்ளையும் படுது, வாடை அடிக்குது. எங்க அத்தை சூடுன்னு சொல்லி வெந்தயம் ஊற வச்சுத் தர்றாங்க. சரியாப் போயிடும்ல?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அந்த அத்தை சொன்ன அதே வார்த்தையை, முப்பது வருடத்துக்கு முன்னால் இன்னொரு பெண்ணிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் வருவோம். கல்யாணமான முதல் வருடத்திலேயே ஒருநாள் மதியம் சாப்பாட்டு வேளையில், அடிவயிறு வலிக்கிறது, லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றாள். சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரோடு சேரும்போதும் வலிக்கிறது என்றாள். நான் பெரிய அனுபவசாலி மாதிரி, "சூடு தாண்டி. வெந்தயத்தை மோர்ல போட்டுக் குடி. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி. இதையெல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரியாத" என்றேன்.

பத்து நாளில் வலி குறைந்துவிட்டது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் அதே வெந்தயம். ஐந்து வருடம் கழித்து, குழந்தை இல்லையே என்று மதுரைக்குப் போய், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு குழாயும் அடைத்திருந்தது. முன்பு எப்போதோ கிருமி ஏறிப் புண்ணாகி ஆறிய தழும்பு என்றார் டாக்டர் அம்மா. "அப்பவே வந்திருந்தா இரண்டு வாரம் மாத்திரையோட போயிருக்கும்மா" என்றாராம்.

அந்த நோயின் பெயர் இடுப்பறை அழற்சி. டாக்டர்கள் சுருக்கமாக பி.ஐ.டி. என்பார்கள். இப்போது பாடத்துக்கு வருவோம்.

பெண்ணுறுப்பிலிருந்து கருப்பை வாய், அதற்கு மேல் கருப்பை, அதன் இரண்டு பக்கமும் கருக்குழாய், குழாயின் முனையில் சினைப்பை. இது ஒரே வழித்தடம். கீழே இருக்கும் கிருமி கருப்பை வாயைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் கருப்பையும் குழாயும் அழற்சியாகும். குழாயின் உட்புறம் மிக மெல்லியது. கருமுட்டையை நகர்த்திக்கொண்டு போகும் நுண்ணிய மயிரிழைகள் அங்கே இருக்கின்றன. அழற்சி வந்து ஆறும்போது அவை அழிந்து தழும்பாகும், சில நேரம் குழாயே ஒட்டிக்கொள்ளும். முழுதாக அடைத்தால் குழந்தை தங்காது. பாதி அடைத்தால் இன்னும் ஆபத்து. கரு கருப்பைக்கு வந்து சேர முடியாமல் குழாயிலேயே வளரும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு வருடக் கணக்கில் இடுப்பு வலி நிற்கும்.

எதனால் வருகிறது? கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு கிருமிகள் முக்கியக் காரணம். இவை உடலுறவு வழியாகப் பரவுபவை. ஆனால் அது மட்டுமே இல்லை. பெண்ணுறுப்பில் இயல்பாகவே வாழும் கிருமிகளின் சமநிலை கெட்டும் வரலாம். பிரசவத்துக்குப் பின்னும், கருக்கலைப்புக்குப் பின்னும் கிருமி ஏறலாம். மருந்துக் கடையில் தானாகக் கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு, பாதி கலைந்தும் கலையாமலும் உள்ளே தங்கிப்போனால் அதுவும் வழி. இந்த நாட்டில் 1971இலிருந்து முறையான கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. பயந்துகொண்டு திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நம் ஊர்ப்பக்கம் காச நோய்க் கிருமியும் கருக்குழாயைக் கெடுப்பதுண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

யாருக்கு அதிகமாக வரும்? இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு. தனக்கோ துணைக்கோ வேறு உறவுகள் இருந்தால். ஏற்கனவே ஒரு முறை வந்திருந்தால். பெண்ணுறுப்பின் உள்ளே தண்ணீரையோ மருந்தையோ பீய்ச்சிக் கழுவும் பழக்கம் இருந்தாலும் ஆபத்துதான். சுத்தம் என்று நினைத்து உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவாதீர்கள். வெளியே சாதாரணத் தண்ணீர் போதும்.

காப்பர்-டி போட்டால் கருப்பை அழுகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. போட்ட முதல் மூன்று வாரம்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய காலம். ஏற்கனவே கிருமி இருந்தால் அப்போது அது மேலே ஏறலாம். அதனால்தான் போடுவதற்கு முன் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். அதேபோல், "ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி நமக்கு ஒண்ணும் வராது" என்று இருந்துவிடாதீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுப்பதற்கு ஆணுறைதான்.

அறிகுறிகள் இவை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. அடிவயிற்றில் வலி. ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ. நடந்தால், குதித்து இறங்கினால் அதிகமாகும்.
2. வாடையுடன், அல்லது மஞ்சளாக, பச்சையாக வெள்ளைபடுதல்.
3. உடலுறவின்போது வலி, அதற்குப் பின் ரத்தம்.
4. மாதவிடாய்க்கு நடுவில் ரத்தப்போக்கு.
5. காய்ச்சல், குமட்டல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்.

எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று இல்லை. காய்ச்சல் இல்லாமலும் வரும். பல பெண்களுக்கு லேசான வலியோடு போய்விடும். குழாய் மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். என் வெந்தயம் பலித்த கதை அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைபட்டாலே நோய் என்று பயப்படாதீர்கள். மாதத்தின் நடுவில் வாடை இல்லாமல், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வருவது இயற்கை. எலும்பு உருகி வெளியேறுகிறது என்று நம் பாட்டிகள் சொன்னது உண்மை இல்லை. எலும்பு அப்படியெல்லாம் உருகாது. நிறம், வாடை, அளவு மாறினாலோ, வலி சேர்ந்துகொண்டாலோதான் கவனிக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். சுவீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊரில், 1960 முதல் 1984 வரை இந்த நோயோடு வந்த பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு முறை நோய் வந்த 100 பேரில் 8 பேருக்குக் குழாய் கெட்டுக் கருத்தரிக்க முடியாமல் போனது. இரண்டு முறை வந்தவர்களில் சுமார் 20 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 பேர். என் தோழிக்கு மூன்று முறை வந்தது. அதே ஊர்ப் பெண்களின் விவரங்களை வைத்து 1993இல் இன்னொரு ஆய்வு வந்தது. வலி வந்து மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களுக்கு, உடனே வந்தவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகக் கருக்குழாய்ப் பாதிப்பு வந்திருந்தது.

மூன்று நாள். நாம் வெந்தயம் ஊற வைத்து, அமாவாசை போகட்டும், ஊர்த் திருவிழா முடியட்டும் என்று தள்ளுவது எத்தனை நாள்?

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று பயந்தே பாதிப் பேர் போவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கேள்வி கேட்பார்கள். பிறகு உள்பரிசோதனை. கையுறை போட்டு இரண்டு விரலால் கருப்பை வாயை லேசாக அசைத்துப் பார்ப்பார்கள். அப்போது வலித்தால் அது முக்கிய அடையாளம். ஐந்து நிமிட வேலை. கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், கேளுங்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம் செய்வார்கள், ஏனென்றால் குழாயில் கரு தங்கினாலும் இப்படித்தான் வலிக்கும். தேவைப்பட்டால் ஸ்கேன். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த நோயை "இருக்கிறது, இல்லை" என்று அடித்துச் சொல்ல ஒரே ஒரு டெஸ்ட் கிடையாது. அதனால் சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்கிவிடுவதுதான் டாக்டர்கள் கடைப்பிடிக்கும் வழி. காத்திருந்தால் போவது குழாய் அல்லவா?

அமெரிக்கா மாதிரி நாடுகளில், உடலுறவு வாழ்க்கை உள்ள 24 வயது வரையான பெண்களுக்கு, தொந்தரவே இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை கிளமிடியா, கொனோரியா பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு 1996இல் வெளிவந்தது. தேடிப் பிடித்துப் பரிசோதித்து மருந்து கொடுத்த பெண்களிடையே பி.ஐ.டி. பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. நம் நாட்டில் எல்லா இளம்பெண்களுக்கும் அப்படிப் பரிசோதிக்கும் வழக்கம் இல்லை. கர்ப்பமானால் எச்.ஐ.வி., சிபிலிஸ் பார்க்கிறோம். இதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது வரும் வரைக்கும், நம் உடம்பு காட்டும் அறிகுறிதான் நமக்கு எச்சரிக்கை மணி. அந்த மணியை நாமே அமுக்கிவிடக் கூடாது.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பலர் போர்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார்கள். பால்வினைத் தொற்றுக்கும் இனப்பெருக்க உறுப்புத் தொற்றுக்கும் அங்கே இலவச மருந்து உண்டு. ஒவ்வொரு விதத் தொற்றுக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம் வைத்திருப்பார்கள். அடிவயிற்று வலிக்கு மஞ்சள் நிறம். செஃபிக்சிம், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் என்ற மாத்திரைகள் சேர்ந்தது, 14 நாள். டாக்டர் ஊசியும் போடலாம். பெயர் தெரிந்துவிட்டது என்று நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் ஆகாது. எதுவும் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

பாதியில் நிறுத்துவதுதான் நம் பழக்கம். மெட்ரோனிடசோல் போட்டால் நாக்கில் இரும்புத் துரு மாதிரி ஒரு கசப்பு இருக்கும், குமட்டும். நாலாம் நாள் வலி நின்றுவிடும். "சரியாப் போச்சே, எதுக்கு இந்தக் கசப்பு" என்று மீதியை அலமாரியில் போட்டுவிடுவோம். செய்யாதீர்கள். பதினாலு நாள் என்றால் பதினாலு நாள். சாப்பிட்ட பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு போடுங்கள், போட்டவுடன் படுக்காதீர்கள். மூன்று நாளில் குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். கடும் காய்ச்சல், வாந்தி, கர்ப்பம் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் வைத்தியம். நாள் தள்ளிப்போய், ஒரு பக்க வலி, மயக்கம், தோள்பட்டை வலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது ஆண் பிள்ளைகளின் பாடம்.

போன் செய்த அந்த மாணவி மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு மருந்து கொடுத்தார்கள், கணவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு என்ன வியாதி? நான் எதுக்குப் போடணும்?" அவர் என் மாணவர் இல்லை. மாணவராக இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

தம்பிகளா, கேளுங்கள். இந்தக் கிருமிகள் ஆண்களிடம் பெரும்பாலும் சத்தமே போடாமல் இருக்கும். எரிச்சல் இல்லை, சீழ் இல்லை, ஒன்றும் தெரியாது. மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டுக் கிருமியை விரட்டுவாள், நீங்கள் திரும்பக் கொடுப்பீர்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அதனால் கடைசி இரண்டு மாதத்துக்குள் உறவு இருந்த துணைக்கும் மருந்து கொடுக்க வேண்டும், இருவருக்கும் மருந்து முடிந்து குணமாகும் வரை உறவு கூடாது என்பது விதி. உங்களைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. மனைவி மேல் சந்தேகப்படவும் இதில் இடமில்லை. கிருமி எப்போது, எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. மாதக் கணக்கில் அமைதியாக இருந்துவிட்டும் வெளிப்படும். பால்வினைத் தொற்றே இல்லாமலும் இந்த நோய் வரும். இந்த மருத்துவச் சீட்டு யாருடைய நடத்தைச் சான்றிதழும் இல்லை. நடத்தைச் சான்றிதழ் எழுதுவது எங்கள் வேலை, அதில் எல்லாருக்கும் "நன்று" என்றுதான் போட்டோம்.

அந்த மாணவிக்கு இப்போது குணமாகிவிட்டது. கணவரும் மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போட்டுக்கொண்டாராம். நல்ல பிள்ளை.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. என் வயதுக்காரர்கள்தானே, உரிமையோடு சொல்கிறேன். வெந்தயம் கொடுங்கள், மோர் கொடுங்கள், அது உணவு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். கல்யாணமாகாத பெண் அடிவயிறு வலிக்கிறது என்றால், முதல் கேள்வியிலேயே வாயை அடைத்துவிடாதீர்கள். குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம், சினைப்பைக் கட்டியாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லும் தைரியத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தேவைப்பட்டால் அறையை விட்டு நீங்கள் வெளியே போய் உட்காருங்கள்.

ஆசிரியர்கள் பங்கும் இதில் உண்டு. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவப் பாடம் வரும்போது நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பினேன். நீங்கள் குனிந்து சிரித்தீர்கள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உடம்பின் பாகங்களுக்குப் பெயர் சொல்லித் தராமல் விட்டுவிட்டேன். பெயர் தெரியாத இடத்தில் வலித்தால் பிள்ளை எப்படிச் சொல்லும்? சூடு என்றுதான் சொல்லும். அந்தப் பாடத்தைத்தான் இன்றைக்கு நடத்துகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

"டீச்சர், இதையெல்லாம் முகநூலில் எழுதணுமா, சொந்தக்காரங்க எல்லாம் பார்ப்பாங்களே" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். சொந்தக்காரர்கள் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக என் தோழியைப் பற்றி. குழாய் அடைத்த பிறகு அவள் பட்டதெல்லாம் எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மகள் வளைகாப்புக்கு அவளை அழைத்தேன். வந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போடும்போது அவளைக் காணோம். தேடிப் போனால், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, "நீ போடுடி முதலில்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்கள் என்ன நினைப்பார்களோ என்று சும்மா இருந்துவிட்டேன். வெந்தயம் சொன்னது அறியாமை. இது அறியாமை இல்லை.

இந்தப் பதிவை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள், அவளிடம் படித்த பிள்ளைகள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். "எழுதுங்கக்கா. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க."

எழுதவில்லை. அடுத்த மாதம் என் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா. முதல் தண்ணீர் ஊற்றப் போவது அவள்தான். பெரியவர்கள் இடத்தில் இப்போது நான்தானே இருக்கிறேன்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். பால்வினைத் தொற்று பற்றிக் கேட்க 1097 இருக்கிறது, இலவசம். கூச்சமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வைத்தியம் சொல்ல மாட்டேன், கூட ஆஸ்பத்திரிக்கு வருவேன்.

குடும்பக் குழுக்களில் தாராளமாகப் பகிரலாம்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்